மேலிருந்து கீழ் 16

பிப்ரவரி 15, சனி

செவ்வாய்க்கிழமை காலை, காங்கேயம் எண்ணெய் ஆலைக்காரருக்குப் போனில் கொப்பரை விலை சொல்லும்போது "கிலோ வெள்ளிக்கிழமை" என்று சொன்னேன். சொல்ல நினைத்தது நூற்று நாற்பத்தைந்து.

"லோடு வெள்ளிக்கிழமையா? அது கெடக்கட்டுமுங்க, விலையச் சொல்லுங்க" என்றார் அவர். மறுபடியும் வெள்ளிக்கிழமை என்றேன். மூன்றாம் தடவை அழுத்தித் திருத்தமாகச் சொன்னேன். அதுவும் வெள்ளிக்கிழமைதான். என் மனைவி தனபாக்கியம் போனைப் பிடுங்கி, "அவருக்குத் தொண்டை கட்டியிருக்குதுங்க, அப்பறம் கூப்பிடறோம்" என்று வைத்துவிட்டு டிரைவரைக் கூப்பிட்டாள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மூளையில் கடுகளவு ரத்தக் கட்டு. கை கால் சுகம். வாய் கோணவில்லை. கணக்கெல்லாம் தலைக்குள் சரியாக ஓடுகிறது. பொருளின் பெயரும் எண்ணும் மட்டும் வாய்க்கு வரும் வழியில் மாறிப்போகின்றன. எழுதினால் வருகிறது, மெதுவாக. சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். எப்போது என்று கேட்டதற்குச் சிரித்தார். நானும் சரக்கு எப்போது வரும் என்று கேட்பவர்களிடம் அப்படித்தான் சிரிப்பேன்.

பேச்சுப் பயிற்சிக்கு ஜெபமலர் என்று ஒரு பெண். தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று கட்டளை. உரக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

என்னைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறாள் ஜெபமலர். பெயர் திருமூர்த்தி. வயது ஐம்பத்தொன்பது. பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம். படிப்பு எட்டாவதோடு சரி. சந்தையில் பதினோரு வருடம் மாட்டுத் தரகு செய்தேன். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசும் தொழில். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு கைக்குத்தான் தெரியும். அதில் சேர்த்ததை வைத்துத் தேங்காய் வாங்கினேன், உடைத்தேன், காய வைத்தேன், விற்றேன். நாலு வரி முடிந்தது.

தொண்டைக் கட்டு என்ற பொய்யையே வைத்துக்கொள்வது என்று முடிவு. தோட்டத்துக்காரர்கள் என் வாய்ச்சொல்லை நம்பித்தான் காயை ஏற்றி அனுப்புகிறார்கள். அந்த வாயே கெட்டுவிட்டது என்று தெரிந்தால் வண்டி அடுத்த மண்டிக்குத் திரும்பிவிடும். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பெயர் மறந்ததைவிடப் பெரிய கவலை களம்.

எண்பது சென்ட், சிமென்ட் தளம், ஒரு குடோன். பதினான்கு வருடமாகக் குத்தகைக்கு எடுத்து அதில்தான் கொப்பரை காய வைக்கிறேன். களத்துக்காரர் தெய்வசிகாமணி, மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ரிட்டயர் ஆனவர். எனக்குப் பத்து வயது மூத்தவர், தனிக்கட்டை. இப்போது விற்கப் போகிறார். குத்தகை மார்ச் 31ஓடு முடிகிறது. லாரி ஷெட்டுக்காரன் ஒருவன் சென்ட்டுக்கு ஒரு லட்சத்து ஐந்தாயிரம் தருகிறேன் என்று சுற்றுகிறான். இவர் கேட்பது ஒன்று இருபத்தைந்து.

என் கணக்குப்படி ஒன்று பதினைந்து தகும். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. மறந்துவிடக் கூடாது என்பதற்காக இங்கே எழுதி அடிக்கோடு போடுகிறேன்: <u>1,15,000</u>.

களம் போனால் கொப்பரை போயிற்று. பக்கத்தில் வேறு களம் இல்லை. இந்த வயதுக்கு மேல் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அது பெயர் மறந்ததில் சேர்த்தி இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

தோசை என்று சொல்லிவிட்டேன். சட்னியிடம் தோற்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

ஜெபமலர் ஒரு படத்தைக் காட்டினாள். தேங்காய். என் வாழ்நாளில் கோடி காய் பார்த்திருப்பேன். வாய் "ஜன்னல்" என்றது.

"பரவால்லங்க ஐயா, எத்தன இருக்குன்னு சொல்லுங்க."

நாலு இருந்தது. வாய் "ஒன்பது" என்றது. ஆனால் கை தானாக நாலு விரலை நீட்டியது. அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு குழந்தைகளுக்கான குறுக்கெழுத்து ஒன்றைக் கொடுத்தாள். பால் தரும் வீட்டு விலங்கு, இரண்டெழுத்து. எனக்குக் காது சூடாகிவிட்டது. பதினோரு வருடம் எதை விற்றேனோ அதன் பெயரைப் பிள்ளைகள் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று நிஜமாகவே வெள்ளிக்கிழமை. யாரும் விலை கேட்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

தனபாக்கியம் சமையல் குறிப்புக்காக வாங்கும் மாத இதழில் கடைசிப் பக்கத்துக்கு முன் பக்கம் ஒரு கட்டம். "அரிய சொல் கட்டம்" என்று தலைப்பு. வழக்கில் இல்லாத சொற்கள் மட்டும், மொத்தம் முப்பத்திரண்டு. மார்ச் 28க்குள் போய்ச் சேர வேண்டும். முதல் பரிசு ஏழு தொகுதி அகராதி.

படித்தேன். ஒன்றும் தெரியவில்லை. தனபாக்கியத்திடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. டிரைவருக்குத் தெரியவில்லை. ஜெபமலருக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன், அவளுக்கும் தெரியாது. எனக்கு ஒரே சந்தோஷம். பத்து நாளில் முதல் முறையாக ஊரில் எல்லோரும் என்னைப் போலவே முழிக்கிறார்கள்.

பென்சில் வாங்கி வரச் சொன்னேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கொம்பில்லாத மாடு, இரண்டெழுத்து. மோழை. இதை அரிய சொல் என்று போட்டவர் சந்தைப் பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

தாளிப்புக்குப் பழைய பெயர், இரண்டெழுத்து, முதல் எழுத்து கு. தனபாக்கியம் எண்ணெயில் கடுகைப் போட்டுக்கொண்டே, "என்ன சத்தம் வருதோ அதையே எழுதுங்க" என்றாள். குய் என்று எழுதினேன். கிண்டலாகத்தான் எழுதினேன். ஜெபமலர் எங்கோ தேடிப் பார்த்துவிட்டு அதுதான் சரி என்கிறாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

போன் இப்போது தனபாக்கியத்திடம். காங்கேயத்துக்காரரிடம் நான் கேட்டிருக்கக்கூடியதைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட வாங்கிவிட்டாள். "பொம்பளகிட்டப் பேரம் பேசச் சங்கடப்படறாரு, நானா என்ன பண்ண?" என்கிறாள்.

மாலையில் அவள் ஒரு புரோக்கரிடம் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு இடமிருந்து வலம் 19 பிடிபட்டது. தென்னை மட்டையின் அடியில் வலைபோல் இருப்பது, நான்கெழுத்து. "பன்னாடை" என்று கத்திவிட்டேன். இத்தனை நாளில் வாயில் இவ்வளவு சுத்தமாக விழுந்த சொல் வேறில்லை. அந்தப் பக்கம் புரோக்கர் தன்னைத்தான் முதலாளி திட்டுகிறார் என்று நினைத்துச் சட்டென்று ஒரு ரூபாய் ஏற்றினான்.

"தெனமும் இந்நேரத்துக்கு ஒருக்காக் கத்துங்க" என்றாள்.

களத்தையும் தானே பேசட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். களத்தை நான்தான் பேசுவேன். காரணம் எழுத நேரமில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

தெய்வசிகாமணி அண்ணன் களத்துக்கு வந்தார். நிழலில் நாற்காலி போட்டேன். கழுத்துத் துண்டைக் காட்டினேன்.

"தொண்டைங்ளா? கஷாயம் குடிங்க. சரி, நானு பேசறேன், நீங்க கேளுங்க. ஒண்ணு இருவத்தஞ்சு. பதினாலு வருசப் பழக்கம், அதனால உங்ககிட்ட மொதல்ல வந்தனுங்க."

ஒன்று ஐந்து என்று ஆரம்பிக்க வேண்டிய இடம். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. மூடிக்கொண்டேன். எழுதி நீட்டலாம். ஆனால் விலையைக் காகிதத்தில் எழுதி நீட்டுகிறவனைச் சந்தையில் யாரும் வியாபாரி என்று சொல்ல மாட்டார்கள். எழுதின விலை ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. தவிர, ஏன் எழுதுகிறாய் என்று கேட்பார். காய்ந்த கொப்பரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

"சரி போச்சாது, ஒண்ணு இருவது" என்றார்.

சும்மா இருந்ததற்கு நான்கு லட்சம். முப்பது வருடமாகப் பேசிப் பேசி எவ்வளவு விட்டிருப்பேன்.

அவர் எழுந்தபோது சட்டைப் பையில் மடித்த தாள் தெரிந்தது. கட்டம் கட்டமாக. அதே பக்கம். என் பையிலிருந்ததை எடுத்துக் காட்டினேன். மனிதர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். "அட, நீங்களுமா? இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு நானு ஒருத்தந்தான்."

துண்டுச்சீட்டில் எழுதினேன்: "கொம்பில்லாத மாடு என்னிடம் இருக்கிறது. வண்டு உங்களிடம் இருக்கிறதா?"

படித்துவிட்டுக் கண்ணை இடுக்கினார். "மாட்டுக்கு வண்டா? சரி, குடுக்கலாம்." ஞிமிறு என்று எழுதித் தந்தார். நான் மோழை என்று எழுதித் தந்தேன். நிலத்துக்குப் பேசியதைவிட இதற்கு அதிக நேரம் ஆனது.

மார்ச் 2, ஞாயிறு

சீட்டு வியாபாரம் நன்றாக ஓடுகிறது. களத்து வேலைக்கு வரும் பேச்சியம்மாள் அண்ணன் வீட்டு வழியாகத்தான் போகிறாள், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். காளானைக் கொடுத்து நிலா முற்றத்தை வாங்கினேன். ஆம்பிக்கு அரமியம். மூன்றெழுத்துக்கு ஐந்தெழுத்து, லாபம்தான். ஆம்பி ஜெபமலரின் அப்பாவிடமிருந்து வந்தது, அது அண்ணனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நேற்று அவர் சீட்டின் அடியில் "இரவு சாப்பாடு என்ன?" என்று எழுதியிருந்தார். தோசை என்று எழுதினேன். சட்னி என்றும் எழுதினேன்.

மார்ச் 5, புதன்

ஞிமிறு என்ற சொல்லை வைத்தே வாய்ப் பயிற்சி. நூறு தடவை சொல்ல வைத்தாள் ஜெபமலர். தூக்கத்திலும் வருகிறது என்கிறாள் தனபாக்கியம்.

மார்ச் 9, ஞாயிறு

கெட்டது.

அண்ணன் வந்தார். "ஒண்ணு இருவது சொன்னனே, நீங்க ஒண்ணுஞ் சொல்லுலையே" என்றார். இன்று பேசிவிடுவது என்று தயாராக இருந்தேன். காலையில் கண்ணாடி முன் நின்று ஒரு லட்சத்து எட்டாயிரத்தை ஏழு தடவை சரியாகச் சொல்லியிருந்தேன். வாயைத் திறந்தேன்.

"ஞிமிறு" என்றேன். மணி அடித்த மாதிரி வந்தது.

அவர் முதலில் சிரித்தார். "அது வந்துருச்சுங்களே. இப்ப நெலத்தப் பேசுங்க."

"ஞிமிறு."

சிரிப்பு நின்றது. "தொண்டை நல்லாத்தான் இருக்குதாட்ட" என்றார். என் கழுத்துத் துண்டைப் பார்த்தார். நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒண்ணு பன்னெண்டு. போதுங்ளா?" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். சீட்டு எதுவும் தரவில்லை.

ஒன்று பன்னிரண்டு. என் கணக்குக்கு மூவாயிரம் கீழே. வியாபாரியாகப் பார்த்தால் நல்ல நாள். இரவு சாப்பாடு இறங்கவில்லை, மாத்திரையின் வேலையாக இருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

சீட்டு வரவில்லை.

மார்ச் 12, புதன்

வரவில்லை. கொப்பரை நூற்று ஐம்பத்திரண்டு.

மார்ச் 14, வெள்ளி

கட்டத்தில் இரண்டுதான் பாக்கி.

இடமிருந்து வலம் 21: காய வைத்த பொருள், ஐந்தெழுத்து, உ-வில் ஆரம்பம். அண்ணனும் இதில்தான் மாட்டிக்கொண்டிருந்தார்.

மேலிருந்து கீழ் 16: விற்றல். இரண்டெழுத்து. பன்னாடையின் கடைசி எழுத்து குறுக்கே வருவதால் இரண்டாவது எழுத்து டை. கடையா, எடையா என்று பார்த்தேன். அதெல்லாம் அரிய சொல்லா? "வடை" என்றாள் தனபாக்கியம். முப்பது வருடமாக விற்கிறவனுக்கு விற்பதற்கு ஒரு சொல் தெரியவில்லை.

மார்ச் 15, சனி

பகல் மூன்று மணிக்கு மேகம் கூடியது. பேச்சியம்மாள் ஓடி வந்தாள். அவள் சங்கரன்கோவில் பக்கம்.

"மொதலாளி, மழ வருத மாரி இருக்கு. உணத்தப் போட்டதயெல்லாம் அள்ளிருவமா?"

தலையாட்டினேன். அவள் பாதி தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கையைத் தட்டிக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொல்லிச் சைகை காட்டினேன்.

"உணத்தப் போட்டது... காயப் போட்டதத்தான் சொன்னேன். என்ன மொதலாளி, எதுவும் தப்பாச் சொல்லிட்டனா?"

உணங்கல். ஐந்தெழுத்து. கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. அவள் என் களத்தில் எட்டு வருடமாகத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் மூன்று வாரமாகப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

மழை வரவில்லை. அள்ளினதைத் திரும்பப் பரப்பினார்கள். உணங்கல் என்று ஒரு சீட்டில் எழுதி, பதிலுக்கு எதுவும் கேட்காமல், அண்ணனுக்கு அனுப்பினேன்.

மார்ச் 17, திங்கள்

பதில் வந்தது. "நன்றி. 16 என்னிடம் இருக்கிறது. தருவதாக இல்லை. திங்கள் 24 லாரி ஷெட்டுக்காரர் அட்வான்ஸ் கொண்டுவருகிறார்."

மார்ச் 19, புதன்

"நானே போய்ப் பேசிட்டு வந்தர்றேன்" என்றாள் தனபாக்கியம். "ஒரு மணி நேர வேல."

வேண்டாம் என்றேன்.

"பேரு வராட்டி மனுசன் செத்தா போவான்? என்ன பயமுங்க உங்களுக்கு?"

பயம் எதுவும் இல்லை.

மார்ச் 22, சனி

தனபாக்கியம் அண்ணன் வீட்டுக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். நான் பின்னால் உட்கார்ந்து இந்த டைரியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எழுதிக் காட்ட வேறு தாள் எடுக்கவில்லை.

வாசல் கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து வழி விட்டார், வாங்க என்று சொல்லவில்லை. தனபாக்கியத்திடம் மட்டும், "வா தங்கச்சி" என்றார். மேசையில் கட்டம் விரித்துக் கிடந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. 16 மேல் மட்டும் ஒரு டம்ளரை வைத்து மூடியிருந்தார்.

"ஒண்ணு அஞ்சு" என்றார், நின்றபடியே. "லாரிக்காரன் குடுக்கறதும் அதேதான். எடுத்துக்கங்க. எனக்கு இத முடிச்சா தேவல."

ஒன்று ஐந்து. நான் மனதில் வைத்திருந்ததற்குப் பத்தாயிரம் கீழே. எண்பது சென்ட்டுக்கு எட்டு லட்சம் மிச்சம். தலையை ஆட்டினால் போதும், வாயே வேண்டாம்.

"ஆனா ஒண்ணு கேக்கறனுங்க" என்றார். "பதினாலு வருசம். ஒரு நாளாவது களத்துக்கு வந்து குத்தகையக் கூட்டுன்னு கேட்டிருப்பனா? எனக்குப் பேரம் பேசத் தெரியாது. மீட்டர்ல என்ன ஓடியிருக்குதோ அத எழுதித்தான் பழக்கம். நீங்க தெரிஞ்சவரு, பேசுவீங்கன்னு வந்தேன். எம் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசுலீங்க. தொண்டைன்னீங்க. அப்பறம் பாத்தா கணீர்னு வண்டுங்கறீங்க. நானு என்னங்க தப்புப் பண்ணுனேன்? ராத்திரியெல்லாம் அதான் யோசன. நீங்க சும்மா உக்காரயில என்ன பண்ணறதுன்னு தெரியாம நானா வெலையக் கொறைக்கறேன்."

நானோ, அவர் பேரத்துக்குப் பயந்து இறங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

சொல்ல வாயைத் திறந்தேன். "அண்ணா" வந்தது. அதற்கு மேல் "ஜன்னல்" வந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார். தனபாக்கியம் என்னைப் பார்த்தாள். டைரியைத் திறந்து, முதல் பக்கத்தை அவரிடம் நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கிலோ வெள்ளிக்கிழமைக்கு வந்ததும் அவர் தோள் குலுங்கியது. "ஏனுங்க... கிலோ..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் சிரித்தார், கண்ணில் தண்ணி வந்துவிட்டது. பிறகு ரத்தக் கட்டு என்ற இடத்தில் நிறுத்தி, என் தலையைப் பார்த்தார், ஏதோ மீட்டர் பார்ப்பது போல. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதற்கும் அடுத்ததை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. டைரியைப் பிடுங்கக் கை போனது. தாமதம்.

"ஒண்ணு பதினஞ்சு தகும்" என்று சத்தமாகப் படித்தார். "அடிக்கோடு வேற போட்டிருக்குது."

முப்பது வருட வியாபாரத்தில் எதிராளி கையில் என் கடைசி விலையை நானே கொடுத்தது இதுதான் முதல் முறை. தனபாக்கியம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப நானு ஒண்ணு அஞ்சு சொன்னப்ப, நீங்க தலைய ஆட்டியிருந்தா முடிஞ்சுருக்கும்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஏன் ஆட்டுல?"

கழுத்துத் துண்டை அவிழ்த்தேன். அவர் வலது கையை எடுத்து, என் கையைச் சேர்த்து, மேலே துண்டைப் போட்டேன்.

"என்னய மாடாக்கிட்டீங்ளே" என்றார்.

"லட்சம் அப்படியே நிக்குதுங்கண்ணா, அதுக்கு மேலதான் பேச்சு" என்று தனபாக்கியம் விளக்கினாள். "ஒரு வெரலப் புடிச்சா பத்தாயிரம். பாதி வெரல் அஞ்சாயிரம்." இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் நான்தான் காட்டியிருப்பேன்.

அவர் உடனே ஒன்றரை விரலைப் பிடித்தார். முகத்தில் குறும்பு. நான் அவர் ஆள்காட்டி விரலில் பாதியைப் பிடித்தேன். அவர் ஒன்றரையைத் திருகினார். நான் பாதியிலேயே நின்றேன். எழுத்தில் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்பதற்காகக் கையும் காட்டிக் கொடுக்க வேண்டுமா? ஜன்னல் வழியாக வெயில் அடித்தது, வெளியே யாரோ மாங்காய் கூவிக்கொண்டு போனான். எனக்கு ஒரு மாதத்தில் முதல் முறையாக என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. அவருக்கும் ருசி கண்டுவிட்டது. விடுவார், பிடிப்பார், என் முகத்தைப் பார்ப்பார்.

"சீக்கிரம் முடிங்க, நானு போயி ஒல வெக்கோணும்" என்றாள் தனபாக்கியம்.

கடைசியில் நான் ஒரு முழு விரலைப் பிடித்தேன். அவர் விரல் அசையாமல் இருந்தது. பிறகு மெதுவாக மடங்கி என் கையைப் பிடித்துக்கொண்டது.

"பத்து" என்றேன்.

வாயால். பத்தென்று நினைத்தேன், பத்துதான் வந்தது. தனபாக்கியம் திரும்பி, சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, போன மாதத்துத் தாள்.

அண்ணன் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து, மேசையிலிருந்த டம்ளரை நகர்த்தினார். நொடை என்று எழுதியிருந்தது.

"இது தெரியாமத்தான் இத்தன வருசமா வித்தீங்ளா?" என்றார். "எனக்கு இது தெரியும். ஆனா விக்கத் தெரியல."

அவரிடம் பென்சிலை வாங்கி, சட்டைப் பையிலிருந்த என் கட்டத்தை எடுத்து எழுதினேன். முப்பத்திரண்டும் முடிந்தது.

மார்ச் 23, ஞாயிறு

பேசி முடித்தது, மறக்காமல் இருக்க:

சென்ட் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். எண்பது சென்ட், ஆக எண்பத்தெட்டு லட்சம். லாரி ஷெட்டுக்காரருக்கு அண்ணனே சொல்லிவிடுவார். பத்திரம் ஏப்ரல் பத்தாம் தேதி, செலவு என்னுடையது. களத்து நிழலில் அவருக்கு ஒரு நாற்காலி எப்போதும் உண்டு. ஞாயிறு காலை கட்டம் போட வருவார், காபி எங்கள் வீட்டிலிருந்து. காங்கேயத்துப் போன் எனக்கு வாய் முழுசாகத் திரும்பிய பிறகும் தனபாக்கியத்திடமே இருக்கும். இந்த ஷரத்தை அவளே சேர்த்தாள், நான் மறுப்பு எழுதவில்லை. கட்டத்தை இரண்டு பேர் பெயரிலும் ஒரே உறையில் நாளை கூரியரில் அனுப்புகிறோம். பரிசு விழுந்தால் அகராதி ஏழு தொகுதியில் நாலு அவருக்கு, மூன்று எனக்கு. நொடை வருகிற தொகுதி என்னிடம் இருக்கும்.